மாநாடு போதும், ஒரு தோணி விடுங்கள்

2025 மே மாதம் ஒரு சாயங்காலம், யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் கீழ்ப்புத்துப்பட்டு அகதிகள் முகாமில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். முகாமில் இருந்த காலத்தில் மனு, விண்ணப்பம் எது எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விட்டுப்போகவில்லை.

“ஐயா, சுகமா இருக்கிறீங்களோ? ஒரு விசயம் சொல்லுறன், சிரிக்கக் கூடாது. இஞ்ச கடையில உப்பு இல்லை.”

நான் சிரிக்கவில்லை. பதில் சொல்லவும் வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நேரம் நான் நின்றுகொண்டிருந்தது மரக்காணம் உப்பளத்து வரப்பில். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கு அதுதான் என் வழி. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பு. வாரி ஒதுக்கிய அம்பாரங்களுக்குப் பனை ஓலை மூடி போட்டிருந்தார்கள். ஒரு லாரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் மலை மலையாக உப்பு. அதே கடலின் அந்தக் கரையில் உப்புக்குத் தட்டுப்பாடு.

இலங்கை என்ன உப்பு விளையாத பூமியா? அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு எல்லாம் பேர்போன உப்பளங்கள். பருவம் தப்பிய மழையில் விளைச்சல் கெட்டுவிட்டது. 2025 ஜனவரியிலேயே இந்தியாவிலிருந்து 30,000 டன் இறக்குமதி செய்ய அந்த அரசு முடிவெடுத்தது. அப்படியும் மே மாதத்தில் கடைகளில் உப்பு இல்லை. அனுமதி, டெண்டர், துறைமுகம், சுங்கம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வருவதற்குள் வீட்டு உப்புச் சாடி காலியாகிவிட்டது.

இதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஏப்ரல் 4-ஆம் தேதி, பாங்காக்கில் பிம்ஸ்டெக் அமைப்பின் ஆறாவது உச்சி மாநாடு நடந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். தலைவர்கள் கைகோத்து நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கடல் போக்குவரத்து ஒத்துழைப்புக்கு ஓர் உடன்பாடும் கையெழுத்தானது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நாம் எத்தனை சங்கத்தில் உறுப்பினர் என்று எண்ணிப் பாருங்கள். சார்க், 1985. பிம்ஸ்டெக், 1997. இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கம், அதுவும் 1997. அதன் தலைமையகம் மொரிஷியஸில். 1975-ல் பாங்காக் உடன்பாடு என்று பிறந்து பிறகு பெயர் மாறிய ஆசிய பசிபிக் வர்த்தக உடன்பாடு. 2017 முதல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு. ஆசியானில் நாம் உறுப்பினர் இல்லை, ஆனால் 2010 முதல் அதோடு சரக்கு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல், இந்த அமைப்பும் அந்த அமைப்பும் தங்களுக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்று புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டுக்கொள்கின்றன. சங்கங்களுக்கெல்லாம் ஒரு சங்கம்!

நான் ஒரு பெரிய படிப்பாளி இல்லை. புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு கோப்பு உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். செத்த கோப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. கூட்டக் குறிப்புகள் நிறைய இருக்கும். ‘மேல்நடவடிக்கைக்காக’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருக்கும். பில் ஒன்றுகூட இருக்காது. வேலை நடந்திருந்தால் எங்காவது ஒரு பில் இருக்கும் ஐயா. ஒரு மூட்டை, ஒரு வண்டிச் சத்தம், ஒரு ரசீது, ஏதாவது.

இந்தக் கண்ணால் பிம்ஸ்டெக் கோப்பைப் புரட்டுங்கள். ஆரம்பித்தது 1997. நிரந்தரச் செயலகம் டாக்காவில் திறந்தது 2014. அதாவது 17 வருடம் ஆபீஸ் இல்லாமல் ஓர் ஆபீஸ். சாசனம் கையெழுத்தானது 2022, நடைமுறைக்கு வந்தது 2024. எங்கள் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்ய வேண்டுமென்றால்கூட முதல் நாளே துணைவிதி கேட்பார்கள். இவர்களுக்குத் துணைவிதி எழுதக் கால் நூற்றாண்டு ஆயிற்று. தடையற்ற வர்த்தகத்துக்கான அடிப்படை உடன்பாட்டில் 2004-ல் கையெழுத்திட்டார்கள். இருபது வருடம் தாண்டியும் அந்த வர்த்தகப் பகுதி பிறக்கவில்லை.

சார்க் கோப்பு இன்னும் பரிதாபம். 2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடியதுதான் கடைசி உச்சி மாநாடு. இந்தியா பாகிஸ்தான் சண்டையில் அது நின்றுபோனது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் சண்டை இல்லாத காலத்தில் மட்டும் என்ன நடந்தது? 2006-ல் வர்த்தக உடன்பாடு அமலுக்கு வந்த பிறகும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் அவற்றின் மொத்த வியாபாரத்தில் ஐந்து சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆசியான் நாடுகளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 1987-ல் சார்க் நாடுகள் பஞ்ச காலத்துக்கென்று ஒரு பொது தானிய இருப்பு ஏற்படுத்தின. அவரவர் கிடங்கில் அவரவர் தானியம், பெயர் மட்டும் பொது. காகிதத்தில் இருக்கும் அரிசியை உலையில் போட முடியுமா?

சென்னைக்கும் ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக்குக்கும் இடையே கடல் வழி என்று 2019-ல் அறிவித்தார்கள். சுமார் 5,600 கடல் மைல். நிலக்கரியும் எண்ணெயும் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு சுமார் 60 கடல் மைல். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி அங்கே பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். மறுபடி விட்டது 2024 ஆகஸ்டில். 5,600 மைலுக்குத் திட்டம் போடத் தெரிந்த நமக்கு 60 மைலுக்கு மழைதான் காரணம்! நம் பாட்டன்மார் காலத்தில் ஐப்பசி மழை பெய்யவில்லையா?

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். என் பெரியப்பா சைகோனில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். புதுச்சேரிக் குடும்பங்களில் இப்படி சைகோன் மாமா, சைகோன் சித்தப்பா இல்லாத வீடு குறைவு. அவர்களெல்லாம் கப்பலில் போய்க் கப்பலில் வந்தவர்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ‘ரஜூலா’ இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய்வந்த கப்பல். அதற்குப் பிறகு வந்தது ‘சிதம்பரம்’. அது ‘பாஸ்தேர்’ என்ற பெயரில் பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஓடிய கப்பல். இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் சரி. ராமேசுவரம் தலைமன்னார் கப்பலும் இலங்கைக் கலவரத்தால் 1980-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதே 1985 டிசம்பரில்தான் டாக்காவில் சார்க் பிறந்தது. கப்பல் போன வருடம் சங்கம் வந்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தலைமுறை கண்ணால் கண்ட மாற்றம் இதுதான்: கப்பல் குறையக் குறைய மாநாடு கூடியது.

“அப்படியானால் கூட்டமைப்பே வேண்டாமா?” என்று என் மருமகன் கேட்டார். வேண்டும். ஆனால் ஆரம்பிக்கும் இடம் வேறு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வரலாறு எடுத்த முசியே ஒருவர், கரும்பலகையில் நிலக்கரித் துண்டு ஒன்றையும் இரும்புக் கம்பி ஒன்றையும் வரைந்து, “ஐரோப்பா இதிலிருந்துதான் ஆரம்பித்தது” என்றார். அறுபது வருடம் ஆகியும் அந்தப் படம் மறக்கவில்லை. 1950 மே 9-ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷுமான் ஓர் அறிவிப்புச் செய்தார். பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது நிர்வாகத்தின் கீழ் வைப்பது. விரும்பும் நாடுகள் சேரலாம். அடுத்த வருடம் ஆறு நாடுகள் பாரிசில் ஒப்பந்தம் போட்டன. எழுபது எண்பது வருடத்துக்குள் மூன்று முறை அடித்துக்கொண்ட நாடுகள் அவை. போர் முடிந்து ஐந்தே வருடம். அவர்கள் பண்பாடு, பாரம்பரியம், சகோதரத்துவம் என்று ஆரம்பிக்கவில்லை. இரண்டு சரக்கு. அதற்கு ஒரு நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

எங்களுக்கு நிலக்கரி எது? நான் சொல்வேன், உப்பு.

சிரிக்காதீர்கள். பிம்ஸ்டெக்கில் ஏழு நாடுகள். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து என்று ஐந்துக்குக் கடற்கரை உண்டு; ஐந்திலும் உப்பளம் உண்டு. வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் கரை முழுக்க நம் மரக்காணம் மாதிரிதான். மீதி இரண்டு, நேபாளமும் பூட்டானும், கடல் இல்லாத மலை நாடுகள். அங்கே கழுத்துக் கழலை பெரிய நோயாக இருந்தது. அயோடின் கலந்த உப்பு இங்கிருந்து போய்த்தான் குறைந்தது. ஏழு நாட்டு அடுப்பிலும் தினம் விழும் ஒரே சரக்கு இதுதான். ஓர் இடத்தில் மழையில் கரைந்தால் இன்னோர் இடத்தில் மிச்சம் இருக்கும். இதைவிடப் பொதுவாக வைக்க லாயக்கான சாமான் என்ன இருக்கிறது?

உப்பு அற்ப விஷயம், ராஜதந்திரிகள் அதைப் பேசமாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். 1815-ல் நெப்போலியன் யுத்தம் முடிகிற சமயம் லண்டனில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்தன. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பிரெஞ்சு உப்பு, தங்கள் ஏகபோக வியாபாரத்தைக் கெடுக்கிறது என்பது கம்பெனியின் கவலை. உள்ளூர்ச் செலவு போக மிச்ச உப்பைக் கம்பெனிக்கே விற்பது, அதற்குப் பதிலாகப் பிரான்சுக்கு வருடம் நான்கு லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் அதுவும் போதாதென்று, பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு எடுப்பதையே நிறுத்தினார்கள். உப்பளக்காரர்களுக்கு ஈடாக வருடம் 4,000 நட்சத்திர வராகன். குடிகளுக்கு வேண்டிய உப்பை இங்கிலீஷ்காரன் தருவான்.

பாருங்கள், ஜென்மப் பகைவர்கள் இருவர், உலகத்தின் மறுமூலையில் உட்கார்ந்துகொண்டு, நம் கரையின் உப்புக்கு மூன்று வருடத்தில் இரண்டு ஒப்பந்தம் போட்டு அமலும் செய்துவிட்டார்கள். பணம் கண்ணில் பட்டால் கோப்பு ஓடும் வேகம் அது. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு அரசுக்கும் லாபம். அளத்து முதலாளிக்கு வராகன். பாத்தியில் இறங்கி வாரியவனுக்கு வேலை போனது. ஒத்துழைப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் கைதட்டக் கூடாது, யார் செலவில் என்று கேட்க வேண்டும் என்பதை நான் இந்தக் கதையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அதனால்தான் எல்லாக் கதவையும் திறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. 2019 நவம்பரில் பாங்காக்கில், 16 நாடுகள் சேர இருந்த பெரிய வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. மற்ற 15 நாடுகள் மறு வருடம் கையெழுத்திட்டன. விலகியது தப்பு என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். நம் பால்காரன், சிறு விவசாயி, சின்னப் பட்டறைக்காரன் பயந்ததில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. உப்பிலும் அப்படியே. கதவை முழுக்கத் திறந்தால் கப்பல் கப்பலாகப் போகப்போவது குஜராத் பெரிய கம்பெனி உப்புதான். மரக்காணத்துக்காரனுக்கு அதில் ஒரு மூட்டைகூட இல்லை. ஆனையிறவில் அந்த வருடம் மார்ச்சில்தான் உப்பு ஆலையை மறுபடி இயக்கினார்கள். நம் மலிவு உப்பு போய் அவர்கள் வாயில் மண் போடவும் கூடாது.

நான் கேட்பது சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு நாடும் இவ்வளவு டன் உப்பு பொது இருப்பு என்று, காகிதத்தில் இல்லாமல் கிடங்கில் வைக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சிறு உப்பளக்காரர்களிடமும் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களிடமும் வாங்க வேண்டும். ஒரு நாட்டில் விளைச்சல் இவ்வளவுக்குக் கீழே போனால் முன்பே பேசிவைத்த விலையில், டெண்டர் இல்லாமல், இத்தனை நாளில் சரக்கு கிளம்ப வேண்டும். கொண்டுபோகச் சின்னத் துறைமுகங்களைத் திறக்க வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் காரைக்காலும் நாகையும் எதற்கு இருக்கின்றன? தூத்துக்குடித் தோணிகள் இன்றும் மரத்தோணியில் சரக்கேற்றி மாலத்தீவு போகின்றன. இருநூறு முன்னூறு டன் ஏற்றும் தோணி, 60 மைல் போகாதா?

“கடத்தல் நடக்கும், பாதுகாப்புப் பிரச்சினை வரும்” என்பார்கள். கடத்தல் இன்று நடக்கவில்லையா? முறையான வழி அடைபட்ட இடத்தில்தான் கள்ளத்தோணி ஓடும். நல்ல தோணிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு சுங்கக் குமாஸ்தா போதும். என்னைப் போல் ஒருவன்.

“பெரிய நாடுகள் ஒத்துப்போகாமல் சின்ன ஏற்பாடு நடக்குமா” என்று இன்னொரு கேள்வி. நடக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் நம் தலையில் இறங்கியதே, மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. உப்பளமும் கடலும் ஒன்றாகக் கிடந்தன. அந்தப் புயலுக்குப் பெயர் வைத்தது சவூதி அரேபியா. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், ஈரான் உட்பட 13 நாடுகள் ஒரு குழுவில் இருந்து, புயல் எச்சரிக்கையைப் பகிர்ந்துகொள்கின்றன. 1972-ல் தொடங்கிய குழு. சார்க் படுத்துக் கிடந்தாலும், எல்லையில் துப்பாக்கி வெடித்தாலும், அந்தக் குழு வேலையை நிறுத்தவில்லை. ஏன்? அதற்கு ஒரே வேலை. அந்த வேலை நிற்க முடியாத வேலை.

இன்னொன்றும் இருக்கிறது, சென்னையிலேயே. வங்காள விரிகுடாத் திட்டம் என்று 1979-ல் ஐ.நா. உணவு அமைப்பு தொடங்கி, 2003 முதல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. சிறு மீனவர்களுக்கென்றே இருப்பது. துறைமுகம் இல்லாத மணல் கரையில் அலையைத் தாண்டி ஏற்றி இறக்கத் தோதான படகுகளை 1980-களில் நம் கரையிலும் ஆந்திரக் கரையிலும் செய்து பார்த்தது அந்தத் திட்டம். அதற்கு உச்சி மாநாடு இல்லை, கைகோத்த படம் இல்லை. அதனாலேயே யாருக்கும் தெரியாது.

எழுத வந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன்; நம் ஆட்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அன்று போனை வைக்கும் முன் என் நண்பர் இன்னொன்றும் சொன்னார். “ஐயா, உங்கட உப்பை அனுப்புங்கோ. உங்கட ட்ரோலரை மட்டும் அனுப்பாதீங்கோ.” சுருக்கென்றது. நம் பக்கத்து இழுவைப் படகுகள் அங்கே போய்க் கடலடியை வழித்துக்கொண்டு வருகின்றன. அந்தக் கரைத் தமிழ் மீனவன் வலையும் அதில் சேர்ந்து போகிறது. இலங்கை 2017-ல் இழுவை மீன்பிடிப்பையே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் மீனவர்கள் சிறைப்படுவது நமக்கு வலிக்கிறது, வலிக்க வேண்டும்தான். அவர்கள் வலை அறுபடுவதும் வலிக்க வேண்டும். இந்த இரண்டு வலியையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச, வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஓர் அறை வேண்டும். இத்தனை அமைப்புகள் இருந்தும் அந்த ஓர் அறை இல்லை. சிறைபிடித்தால் கடிதம், விடுவித்தால் நன்றி, அடுத்த வாரம் மறுபடி கடிதம். இது எந்த மாதிரிக் கோப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அண்டை வீட்டில் உப்பு தீர்ந்தால் ஒரு கிண்ணம் கொடுப்பது நம் தெருவில் எல்லோரும் செய்வது. விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்கக் கூடாது என்று என் அம்மா சொல்வாள். ஆனால் அவளே பகலில் கேட்டவர்களுக்கு இல்லையென்றதில்லை. அரசாங்கங்களுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான். அடுத்த மாநாட்டுக்கு ஏழு நாட்டுத் தலைவர்களும் போகும்போது, கூட்டறிக்கையில் நாற்பது பத்தி எழுத வேண்டாம். ஒரு பத்தி எழுதுங்கள். எந்தச் சரக்கு, எத்தனை டன், எந்தத் துறை, எத்தனை நாள். கீழே ஒரு பொறுப்பு அதிகாரியின் கையெழுத்து. அது நடந்தால் அடுத்த பத்தியை மறு வருடம் எழுதலாம்.

சென்ற வாரம் நண்பரை நானே கூப்பிட்டேன். இப்போது உப்பு கிடைக்கிறதாம், விலைதான் கூடுதலாம். “பார்சலிலயாவது ஒரு கிலோ அனுப்ப ஏலாதோ ஐயா, மரக்காணம் உப்பு எண்டு சொல்லி வச்சிருப்பம்” என்று சிரித்தார். ஒரு கிலோ உப்பு அனுப்ப என்ன செலவாகும் என்று விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு இங்கே பல மூட்டை வாங்கலாம். பில் எழுத வேண்டிய இடம் அது. நாற்பது வருட ஒத்துழைப்புக்குப் பிறகும் அங்கே நான் எழுதி வைத்திருப்பது, ‘அனுப்ப இயலவில்லை’.